விளையாட்டும் இல்லறமும்

விளையாட்டென்றாலே சாதனைக்குப் பகையென்று கருதுவார் நம்முட் பலர். யானும் நெடுங்காலம் அக்கருத்துடையனாய் மாணாக்கரைச் சிரிக்கவொட்டாது காத்து வந்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றிற் கண்ட காட்சி அதனை மாற்றிற்று. இரவெல்லாம் ஏரியிற் கிடந்து வைகறையிற் கரையேறிய ஒருவர்மேல் அவர்தம் சிறுமகன் கிழிந்த வலையொன்றை எறிந்தான். அவர் அகப்பட்டார்போல் மணலில் வீழ்ந்து புரண்டார். மனையாள் நகைத்தாள்.

அவ்விளையாட்டால் தந்தைக்கு எய்தும் பயன் யாது? ஒன்றுமில்லை, பயன் முழுதும் மகவின்பாலது. ஐந்தொழில் எதன்பொருட்டு என்னும் வினாவிற்குச் சிவஞானசித்தியார் கூறும் விடையும் இதுவே. அதனை முதல்வன் விளையாட்டென்றலும் பொருந்தும் என உடன்பட்டு, உயிர்கட்குப் போகமும் வீடும் வழங்கி மலந்துடைத்தற்கென்றும் கொள்ளலாமென்றார் அருணந்தி சிவாசாரியார். தனக்கின்பம் வேண்டி ஆடுவான் குறைவுடையான், இறைவனோ நிறைவினன். ஆகலின் விளையாட்டென்றது செயலின் எளிமை பற்றியதென்க. இறைவன் அன்பெனும் வலைக்கு அகப்படுவான் என்பதும் மாணிக்கவாசகர் கொள்கையன்றோ?

திருவிளையாடற் புராணத்து வலைவீசின படலம் இறைவன் குடும்பத்தையே நெய்தற்கரைக்குக் கொணர்கின்றது. மறைப்பொருள் கேட்குங்கால் கருத்துச் சிதறிய அம்மை பரதவர் மகளாயினாள். அதுகண்டு வெகுண்ட பிள்ளைகள் நூல்களைக் கடலில் எறிந்தனர். நந்தி சுறாவாயினார். ஐயன் வலைஞனாய் வந்து சுறாவைப் பிடித்து அம்மையை மணந்தான். முருகன் மூங்கைப் பிள்ளையாய்ப் பிறந்ததும் அக்குறும்பினாலேயே. (இறையனார் களவியலுக்கு மெய்யுரை தேர்ந்த உருத்திரசன்மன் நமக்குக் கிடைத்தது அச்சாபத்தால் என்பதை எம்மனோர் மறத்தலாகாது.)

மகளிர் மனைமுற்றத்தில் ஆடிய அம்மானை, சாழல், பொன்னூசல் முதலியன திருவாசகத்தில் துதிவடிவாயின. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் முதலதாகிய திருவுந்தியார் பெயர்பெற்றதும் உந்திபறத்தல் என்னும் ஆடலாலேயாம்.

அங்ஙனமாயின் எதனையும் விளையாட்டாகக் கொள்ளலாமோ எனின், அற்றன்று. விளையாட்டிற்கும் முறையுண்டு. ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்றூரார் பாடு என்னும் ஏற்பாட்டின்படி முறைவைத்து வலையிடுவர். பிறர் முறையிற் புகுவது பிழையாம். மனைவிக்குரைத்த சொல்லும் அத்தகையதே. அக்கரைக்குத் தெற்கே திருவொற்றியூரில் நம்பியாரூரர், சங்கிலியாரைப் பிரியேன் என்னுஞ் சூளைப் பொய்க்கவும் இடம்வைத்து, யான் கோயிலில் உரைக்குங்கால் நீர் மகிழடியில் எழுந்தருள்க என்று தோழராகிய பெருமானை வேண்டிக்கொண்டார். பெருமானோ அதற்கிசைந்து, மகிழடியிலேயே சூள்பெறுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிட்டான். நம்பி அங்கே சூளுற்றார். பின்னர் ஆரூரை நினைந்து எல்லை கடந்தார். கடந்தபோதே இருகண்ணும் இழந்தார். கண்ணைக் கொண்டவனே வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஈந்து, அயலான்போல் உள்ளிருந்து விடையிறுத்தான். பின்னர்க் காஞ்சியில் ஒருகண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் அருளினான்.