எந்திரங்களின் இயல்பு – 12: மரையா, தண்டா?

போல்ட்டை முறுக்கும்போது அதன் தண்டில் பிறக்கும் இழுவிசையைப் பற்றிச் சென்ற வாரம் விவரித்தோம். அவ்விசையைச் சுமப்பது தண்டு மட்டுமன்று. போல்ட்டின் மரையும் நட்டின் மரையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் சிறு விளிம்புகளும் அதே பாரத்தைத் தாங்கியாக வேண்டும். பாரம் எல்லை கடந்தால் தண்டு அறும், அல்லது இரண்டு மரைகளுள் ஒன்று வழிந்துபோகும். இவற்றுள் எது முந்தவேண்டும் என்பதை முன்கூட்டியே நிர்ணயிப்பதுதான் மரைக் கணக்கின் பிரயோஜனம்.

தண்டு அறுவதே மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். தண்டு அறுந்தால், பெரும்பாலும் முறுக்குகிற சமயத்திலேயே, ஸ்பேனர் பிடித்தவருக்கு அது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடுகிறது. உடனே வேறொன்றைப் பூட்டிவிடலாம். மரையோ சிறிது சிறிதாக இளகி, பாதி போன பின்னும் இறுகியிருப்பதாகத் தோற்றம் காட்டி, எந்திரம் ஓடத் தொடங்கிய பிறகே தன் பலவீனத்தை வெளிப்படுத்தும். அந்த மறைவுதான் அபாயம்.

10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உள்ள 8.8 தரப் போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மரை வெட்டியது போக இழுவிசைக்கு நிற்கும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். இத்தரத்தின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன்; அவ்வீதத்தில் 46,400 நியூட்டன், அதாவது சுமார் 4.7 டன் எடை, இத்தண்டை அறுக்கும். மரையை வழிப்பது இழுப்பு அன்று, கத்தரிப்பு. உலோகத்தின் கத்தரிப்பு வலிமையை இழுவலிமையில் 0.6 பங்கு என்று கொள்வது வழக்கம். போல்ட்டின் மரை, நட்டின் உள்விட்டத்தை ஒட்டிய உருளைப் பரப்பிலும், நட்டின் மரை, போல்ட்டின் வெளிவிட்டத்தை ஒட்டிய உருளைப் பரப்பிலும் அறும். பின்னது பெரியது, அங்கே மரையின் அடியும் அகலமானது; ஆகையால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போல்ட்டின் மரைக்குக் கிடைக்கும் பரப்பு 19.7 சதுர மில்லிமீட்டர், நட்டின் மரைக்கு 27.5. போல்ட்டைவிடச் சற்று மெலிந்த எஃகில் நட்டைச் செய்தாலும் பாதகமில்லாமற் போவதற்கு இதுவே காரணம்.

போல்ட்டின் மரைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பிடிப்பே கணக்கின்படி போதும். ஆதலால் 8 மில்லிமீட்டர் உயரமுள்ள நட்டு நம்பத்தக்கது. அதே போல்ட்டை, சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவலிமையுள்ள அலுமினிய வார்ப்பில் மரை வெட்டிப் பூட்டினால், வார்ப்பின் மரை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு 3,300 நியூட்டனே தாங்கும். குறைந்தது 14 மில்லிமீட்டர் ஆழம் அவசியமாகிறது. முனைகளில் மரை முழுமையாக அமைவதில்லையாகையால், 18 அல்லது 20 என்று வைப்பதே விவேகம்.

ஆயினும் ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வலிமையும் அதே விகிதத்தில் வளரும் என்று எண்ணலாகாது. பாரம் எல்லா மரைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதை 1948-இல் ஸாப்வித் என்பவர் கணித ரீதியாக ஆராய்ந்தார். நட்டின் முதல் மரை மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது.

கணக்கு எவ்வளவு சுத்தமாயினும், துளையிடுகிறவரின் துரப்பண அலகு அதைக் கெடுத்துவிடக்கூடும். இந்தப் போல்ட்டுக்கு உரிய துளை 8.5 மில்லிமீட்டர். மரை வெட்டும் கருவியான டேப் சுலபமாக இறங்கட்டும் என்று 9 மில்லிமீட்டர் துளையிட்டால், மரைகள் பற்றும் ஆழம் 0.75-லிருந்து 0.5 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. போல்ட்டின் மரைக்கு உரிய கத்தரிப்புப் பரப்பிலும் ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது. போல்ட்டைப் பூட்டிய பின் இந்த நஷ்டத்தை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. டேப் இறங்குமுன்பே துளையை அளந்துவிட வேண்டும்.

(தொடரும்)