சமநிலை: நான்கு துறைகளில் ஒரு கலைச்சொல்

0. முன்னுரை

ஒரு கலைச்சொல் மொழியில் வேரூன்றிவிட்டால் அதன் பொருளும் தெளிவாகிவிட்டதாகக் கருதுவது இயல்பு. அச்சொல் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் செல்லும்போதுதான் இக்கருத்து சோதனைக்கு உள்ளாகிறது. ஆங்கிலத்தில் 'ஈக்விலிப்ரியம்' எனப்படும் கருத்துக்குத் தமிழில் 'சமநிலை' என்னும் சொல் நெடுநாளாக வழங்கி வருகிறது. கணிதம், விண்வெளிப் பொறியியல், வானியற்பியல், பொருளியல் ஆகிய நான்கு துறைகளிலும் இச்சொல் ஆளப்படுகிறது. இத்துறைகளில் இச்சொல் உணர்த்தும் பொருளையும், மொழிபெயர்ப்பில் அது தோற்றுவிக்கும் பிழைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லமைப்பு

'சமநிலை' என்பது 'சம', 'நிலை' என்னும் இரு கூறுகளால் ஆன தொகைச்சொல். 'சம' என்பது வடமொழி அடி. 'சமன்' என்னும் வடிவம் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்திலேயே துலாக்கோல் உவமையில் இடம்பெற்றுள்ளது. இலத்தீன் மூலச்சொல்லும் 'சமம்', 'துலாக்கோல்' என்னும் இரு கூறுகளால் ஆனதே. எனவே தமிழாக்கத்தின் முற்கூறு மூலத்தோடு ஒத்துச் செல்கிறது.

பிற்கூறு அவ்வாறன்று. துலாக்கோலுக்கு ஈடாகத் தமிழில் 'நிலை' வந்துள்ளது. 'நிலை' என்பது ஒரு பொருள் இருக்கும் தன்மையையும் குறிக்கும். 'நிலைபெறு', 'நிலையான' என்னும் வடிவங்களில் நீடித்திருத்தலையும் குறிக்கும். ஆகவே தமிழ் வாசகர் 'சமநிலை' என்னும் சொல்லில் இரண்டு குறிப்புகளை உணர்கிறார். ஒன்று, ஏதோ இரண்டு சமமாக உள்ளன என்பது. மற்றொன்று, அவ்வமைப்பு நீடித்திருக்கும் என்பது. அறிவியற் கருத்தில் இவ்விரண்டும் கட்டாயமான கூறுகள் அல்ல.

2. கணிதம்

கணிதத்தில் சமநிலை என்பது மாற்றத்தின் வீதம் சுழியாக இருக்கும் நிலை. அந்நிலையில் வைக்கப்பட்ட அமைப்பு தானாக அதைவிட்டு நகராது. இவ்வரையறை அதற்குமேல் எதுவும் கூறவில்லை. அமைப்பைச் சிறிது அசைத்தால் என்ன நிகழும் என்பது வேறு வினா. உருசியக் கணித அறிஞர் லியாப்புனோவ் 1892-இல் இவ்வினாவைத் தனிக் கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். அதற்குரிய சொல் 'உறுதிப்பாடு'.

கிண்ணத்தின் அடியில் உள்ள கோலிக்குண்டும், கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் உள்ள கோலிக்குண்டும் சமநிலையில் உள்ளவையே. முன்னது அசைத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பும், பின்னது திரும்பாது. முன்னதை 'உறுதிச் சமநிலை' என்றும் பின்னதை 'உறுதியற்ற சமநிலை' என்றும் கூறுவது தமிழ்ப் பாடநூல் மரபு. 'உறுதி' என்னும் அடைக்கு மாற்றாக 'நிலையான' என்பதை ஆண்டால் நீடித்தல், உறுதிப்பாடு ஆகிய இரு பொருள்களும் கலந்துவிடும்.

3. விண்வெளிப் பொறியியல்

சூரியனும் புவியும் போன்ற இரு பெரும் பொருள்கள் ஒன்றையொன்று சுற்றிவரும்போது, மூன்றாவதான சிறு பொருள் அவற்றுக்குச் சார்பாக இடம் மாறாமல் இருக்கத்தக்க ஐந்து புள்ளிகள் உள்ளன. ஒரே கோட்டில் அமைந்த மூன்று புள்ளிகளை ஆய்லர் கண்டறிந்தார். லாக்ராஞ்சு 1772-இல் எஞ்சிய இரண்டையும் சேர்த்து விளக்கினார். இவை லாக்ராஞ்சுப் புள்ளிகள் எனப்படுகின்றன. சூரியனுக்கும் புவிக்கும் இடையே, புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் முதற்புள்ளியாகிய எல்-1 அமைந்துள்ளது. இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்டு, 2024 சனவரி 6-இல் இப்புள்ளியைச் சுற்றிய பாதையை அடைந்தது.

அக்காலத்தில் வெளிவந்த விளக்கங்களில், 'சூரியனின் ஈர்ப்பும் புவியின் ஈர்ப்பும் சமமாக உள்ள புள்ளி' என்னும் தொடர் பரவலாகக் காணப்பட்டது. சொல்லின் முற்கூறு விரித்துரைக்கப்பட்டதால் விளைந்த பிழை இது எனலாம். சூரியனின் நிறை புவியினுடையதைப்போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. எனவே இவ்விரண்டின் ஈர்ப்பும் சமமாகும் இடம் புவியிலிருந்து ஏறத்தாழ 2.6 இலட்சம் கிலோமீட்டரிலேயே வந்துவிடும். அது நிலவின் பாதைக்கும் உட்பட்டது. எல்-1 புள்ளியிலோ சூரியனின் ஈர்ப்பு புவியின் ஈர்ப்பைக் காட்டிலும் 30 மடங்குக்கும் மேற்பட்டது.

அங்கு உண்மையில் நிகழ்வது வேறு. சூரியனுக்குப் புவியைவிட அருகில் உள்ள பொருள் ஓராண்டுக்குக் குறைந்த காலத்தில் சூரியனைச் சுற்றிவர வேண்டும். எல்-1 புள்ளியில் புவியின் எதிர்ப்புற ஈர்ப்பு சூரியனின் ஈர்ப்பில் ஒரு பகுதியைக் குறைக்கிறது. எஞ்சிய ஈர்ப்பு, அப்பொருள் சரியாக ஓராண்டில் சுற்றிவருவதற்கு வேண்டிய அளவாக அமைகிறது. ஈர்ப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைவதில்லை, சுற்றுக்காலங்களே ஒத்துப்போகின்றன.

பிற்கூறும் இங்கே தவறான வழி காட்டுகிறது. எல்-1 உறுதியற்ற சமநிலைப் புள்ளி. அதிலிருந்து சிறிது விலகிய விண்கலத்தின் விலகல் 23 நாள்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகும். ஆகவே அவ்வப்போது உந்துபொறிகளை இயக்கிப் பாதையைத் திருத்த வேண்டியுள்ளது. 'எரிபொருள் இன்றியே அங்கு நிலைத்திருக்கும்' என்னும் விளக்கம் தொழில்நுட்பத்தின் முதன்மைச் சிக்கலையே மறைத்துவிடுகிறது.

4. வானியற்பியல்

விண்மீனின் ஒவ்வோர் அடுக்கிலும் உள்நோக்கிய ஈர்ப்பை வெளிநோக்கிய அழுத்த வேறுபாடு தாங்குகிறது. இங்கு இரு விசைகள் உண்மையாகவே சமமாக உள்ளன, முற்கூறு பொருந்துகிறது. சூரியனைப் பொறுத்தவரை இச்சமநிலை உறுதியானதும் ஆகும். மையத்தில் அணுக்கருப் பிணைவு மிகுந்தால் மையம் விரியும்; விரிவதால் வெப்பநிலை தாழும்; பிணைவும் குறையும்.

வெண்குறுமீன்களில் நிலைமை மாறுகிறது. அவற்றின் அழுத்தம் பெரும்பாலும் அடர்த்தியைச் சார்ந்ததே அன்றி வெப்பநிலையைச் சார்ந்ததன்று. அங்கு அணுக்கருப் பிணைவு தொடங்கினால் விரிவும் குளிர்வும் உடனே நிகழா. வெப்பம் மேன்மேலும் பெருகிப் பெருவெடிப்பில் முடியலாம். மேலும், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930-களின் தொடக்கத்தில் நிறுவியவாறு, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய வெண்குறுமீனுக்குச் சமநிலை என்பதே இல்லை. சமநிலை உண்டா, இருப்பின் அது உறுதியானதா என்பன இரு வேறு வினாக்கள் என்பதை இத்துறை தெளிவாகக் காட்டுகிறது.

5. பொருளியல்

தேவையும் அளிப்பும் ஒத்திருக்கும் விலை சமநிலை விலை எனப்படும். இங்குச் சமமாக இருப்பவை இரண்டு அளவுகள் மட்டுமே, மாந்தர் அல்லர். அவ்விலையில் வாங்க இயலாதவர் சந்தைக்கு வெளியே நிற்கும்போதும் சந்தை சமநிலையிலேயே இருக்கும். 'சமத்துவம்', 'சமநீதி' ஆகியவற்றோடு உறவுடைய சொல்லாதலால், 'சந்தைச் சமநிலை' என்பது நேர்மையான பங்கீடு என்னும் உணர்வை வாசகரிடம் எழுப்பக்கூடும். நாஷ் 1950-இல் வகுத்த சமநிலையும் அத்தகையதே. பிறர் தம் முடிவை மாற்றாதிருக்கையில், எவரும் தாம் மட்டும் முடிவை மாற்றிப் பயன்பெற இயலாத நிலை அது. அந்நிலை அனைவருக்குமே தீங்காகவும் அமையலாம்.

பொருளியலிலும் உறுதிப்பாடு தனி வினாவே. ஆரோவும் டெப்ரூவும் 1954-இல் குறிப்பிட்ட எடுகோள்களின்கீழ்ப் பொதுச் சமநிலை உண்டு என நிறுவினர். ஸ்கார்ஃப் 1960-இல், மூன்று பண்டங்கள் உள்ள சந்தையில் விலைகள் சமநிலையை அடையாமல் அதைச் சுற்றியே அலைந்துகொண்டிருக்கும் எடுத்துக்காட்டை அமைத்தார்.

'பேலன்ஸ்' என்பதையும் சமநிலை எனப் பெயர்ப்பதால் மற்றொரு குழப்பம் நேர்கிறது. 'வாணிபச் சமநிலையில் பற்றாக்குறை' என்பது முரண்தொடராக ஒலிக்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'சென்மதி நிலுவை' என்னும் ஆட்சி இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது.

6. மொழிபெயர்ப்பு நெறி

இவற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன.

(அ) சமநிலை என்னும் சொல் வரும் முதல் இடத்தில், எது எதனோடு ஒத்துள்ளது அல்லது எதன் மாற்றம் சுழியாக உள்ளது என்பதைத் தொடரிலேயே கூறுதல் வேண்டும்.

(ஆ) உறுதிப்பாட்டைக் குறிக்க 'உறுதி' என்னும் அடியையே ஆளுதல் வேண்டும்.

(இ) கூட்டிக் கழித்தபின் எஞ்சும் தொகையைக் குறிக்கும் இடத்தில் 'நிலுவை' போன்ற வேறு சொல்லைத் தேர்தல் வேண்டும்.

7. முடிவுரை

'சமநிலை' பிழையான சொல் அன்று. நன்கு வேரூன்றிய அச்சொல்லை நீக்கிப் புதியது புனைவது மேலும் குழப்பத்தையே தரும். ஆயினும், சொல்லின் கூறுகளை விரித்துரைப்பதே கருத்தின் விளக்கம் ஆகிவிடாது. மொழிபெயர்ப்பாளர் சொல்லைப் பிரித்துப் பொருள் காணாமல், அத்துறையின் வரையறையிலிருந்து பொருள் காணும்போதுதான் ஒரே சொல் நான்கு துறைகளுக்கும் ஊறின்றிப் பயன்படும்.