கூட்டுரோட்டில் ஒரு வலம்

செங்கத்துக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டி வசிக்கும் அன்பர் ஒருவர், தங்கள் கூட்டுரோட்டில் விபத்துகள் ஓயாததை விவரித்து, அங்கே ரவுண்டானா அமைத்தால் நல்லது என்று சிலர் சொல்கிறார்களே, நேராக ஓடும் சாலையின் நடுவில் மேடு ஒன்றை எழுப்பினால் அபாயம் அதிகரிக்காதா என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான ஐயந்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அன்றாடச் சரக்கு லாரிகளோடு, பௌர்ணமிதோறும் பெங்களூரிலிருந்து கிரிவலத்துக்கு வரும் பக்தர்களின் கார்களையும் பஸ்களையும் தாங்குவது. அதன் குறுக்கே, பின்விளக்கில்லாத டிராக்டர் ஒன்று கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிராமச் சாலையிலிருந்து மெல்ல ஏறுகிறது. என்ஜின் அக்கரை சேர்ந்த பின்னும் கரும்பின் தோகை நடுச்சாலையில் அசைந்துகொண்டிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரோ ஒரு விநாடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும்.

நான்கு சாலைகள் சாதாரணமாகச் சந்திக்கும் இடத்தில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய புள்ளிகள் 32. அவற்றுள் 16, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கொடிய புள்ளிகள். ஒற்றைத்தட ரவுண்டானாவில் மொத்தமே 8. குறுக்குவெட்டு ஒன்றுகூட இல்லை.

என்னை வியக்க வைப்பது அந்த நடுமேடுதான். எதிர்ப்புறச் சாலை கண்ணுக்குத் தெரியாதபடி அதை வேண்டுமென்றே உயர்த்துகிறார்கள். நேர்வழி முடிந்துவிட்டது என்று கண் உணர்ந்தாலன்றிக் கால் பிரேக்கை நாடாது என்பது மனித சுபாவம். நுழையும் பாதையையும் இடப்புறமாக வளைத்துவிட, வேகம் பாதியாகிறது. வேகம் பாதியானால் மோதலின் சக்தி நாலில் ஒன்றாகிறது. இடப்புறம் ஓட்டும் நம் தேசத்தில் வண்டிகள் மேட்டை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவது, அண்ணாமலையை வலம் வருவதற்கு ஒப்பான பிரதட்சிணமே. எதிர்த்திசையில் வருவார் இல்லாததால்தான் அந்த ஜனசமுத்திரமும் முட்டிக்கொள்ளாமல் நகர்கிறது.

ஆயினும் வட்டம் மட்டும் போதாது. நுழைகிறவர்கள் முண்டியடித்து வட்டமே ஸ்தம்பித்த அனுபவத்துக்குப் பின், உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை என்ற விதியை பிரிட்டன் 1966-இல் கொண்டுவந்தது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் அவ்விதி உண்டு; அறிந்து ஓட்டுவோர்தாம் சொற்பம். அமெரிக்காவில் 24 சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றி ஆராய்ந்ததில், காயம் விளைவிக்கும் விபத்துகள் நாலில் மூன்று பங்கு குறைந்தன.

நம் ஊர்களிலோ ரவுண்டானா கட்டி முடித்த மறுமாதமே, வட்டத்தைச் சுற்றிக் கொடிக்கம்பங்களும் வாழ்த்துப் பதாகைகளும் முளைத்து, வலப்புறமிருந்து வரும் வண்டியை மறைத்துவிடுகின்றன. விளக்கு ஒன்று பழுதானால் மாதக்கணக்கில் இருள். உயிர் காக்கக் கட்டியதை விளம்பர மேடையாக்குவது பெரும் பாதகம் என்றே நான் கருதுகிறேன்.

ஆகையால் அன்பருக்கு என் வேண்டுகோள்: அடுத்த கிராம சபையில் வேகத்தடை ஒன்று போதும் என்று தீர்மானம் எழுதிவிடாதீர்கள், அகலமான வட்டம், வளைந்த நுழைவாயில், எரியும் விளக்கு, பதாகையற்ற மேடு ஆகிய நான்கையும் சேர்த்தே கேளுங்கள்.