பூவரசு: அலையேறிப் பரவும் மரம்

யாழ்ப்பாணத்து வேலியோரங்களிலே பூவரசினைக் காணாதார் இலர். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத சிறுவரும் அரியர். எனினும், இம்மரத்தின் சிறப்பினை முற்ற உணர்ந்தோர் சிலரேயாவர்.

அரசிலை போன்ற இதயவடிவ இலையும் அழகிய மலரும் உடைமையால் நம் முன்னோர் இதனைப் பூவரசு என்றனர். 1753 ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்ட சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசும் இலையையே நோக்கினார். பொப்லார் மரத்தை ஒத்தது என்னும் பொருள்பட அடைமொழி தந்தார். 1769 இல் கப்டன் குக்குடன் தாஹிட்டித் தீவை அடைந்த சொலாண்டர் என்பார், அங்கே வழிபாட்டிடங்களைச் சூழ இம்மரம் நிற்கக் கண்டார். தெய்விகமானது எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இவ்விரண்டும் இணைந்தே ‘தெஸ்பீசியா பொப்புல்னியா’ என இன்று வழங்குகின்றது.

பருத்தியும் செம்பருத்தியும் இதன் உறவினங்கள். செம்பருத்தியிற் போலவே இதன் மகரந்தக் கேசரங்களும் ஒன்றிணைந்து குழாயாகி நிற்கும். காலையில் மஞ்சள் நிறத்ததாய், நடுவே கருஞ்சிவப்புப் பொட்டுடன் விரியும் மலர், மாலையிற் செந்நிறமுற்று வாடும். பிஞ்சுக் காயைக் கீறினால் மஞ்சள் நிறப் பால் கசியும்.

காய் முதிர்ந்தாலும் எளிதில் வெடிப்பதில்லை. அதனுள் அடங்கிய விதைகள் கடலில் மிதக்கும் இயல்பின. பல மாதங்கள் உப்புநீரில் அலைந்தபின்னும் முளைக்க வல்லன. இந்து சமுத்திரக் கரைகள் முதல் பசுபிக் தீவுகள் வரை பூவரசு பரவியிருப்பதற்கு இவ்வாற்றல் பெருந்துணையாயிற்று. உவர் மணலும் உப்புக் காற்றும் இதனை வாட்டுவதில்லை.

சிங்கள மக்கள் இதனைச் ‘சூரிய’ என்பர். பிரித்தானியர் ஆட்சியில், நவம்பர் 11 ஆம் நாளிற் போர்வீரர் நிதிக்கெனப் பொப்பி மலர் விற்கப்பட்டது. அதற்கு எதிராக 1931 இல் எழுந்த சூரியமல் இயக்கத்தினர், பூவரசம் பூவை விற்று அதனைச் சுதந்திர உணர்வின் சின்னமாக்கினர்.

யாழ்ப்பாணத்திலோ இஃது உழவரின் தோழன். கிளையை வெட்டிக் கதியாலாக நட்டால் வேரூன்றி உயிர்வேலியாகும். அதன் குழை புகையிலைத் தோட்டங்களுக்குப் பசளையாகும். வைரம் பாய்ந்த மரம் தளபாடங்களுக்கு உதவும்.

இன்று, கதியால் வேலிகள் நின்ற இடங்கள் பலவற்றிற் சீமெந்து மதில்கள் எழுந்துள்ளன. மதில் காவல் தரும், நிழல் தருமோ? குழை தருமோ? வெட்டிய கிளையே மீண்டும் மரமாகும் இவ்வரும்பொருளைக் காக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மதில் கட்டுவோரும் காணியின் ஒரு மூலையிலேனும் ஒரு பூவரசங் கதியாலை ஊன்றி வைப்பாராக. நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் பீப்பீ ஊத வேண்டுமன்றோ?