விளையாட்டுத் திரையில் நெருப்பு

ஆக்கினேயாஸ்திரத்தை எய்தால் வாருணாஸ்திரத்தால் அதை அவிக்கலாம் என்பது, இதிகாசக் கதைகளைக் கேட்டு வளர்ந்தோர் யாவரும் அறிந்த போர்முறையாகும். இன்று நம் இல்லங்களில் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டுகளிலும் நெருப்பு ஒரு பெரும் படைக்கலமாக விளங்குகிறது. அந்நெருப்பு எவ்விதிப்படி எரிகிறது என்பதைப் பெற்றோர் சிறிது அறிந்திருப்பின், திரையைவிட்டுக் கண்ணெடுக்காத பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு வாயில் திறக்கும்.

தொடக்க கால விளையாட்டுகளில் நெருப்பு என்பது நெருப்பின் நிறம் பூசிய பந்தேயன்றி வேறன்று. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1985-இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில், ஒரு மாயப் பூவைப் பெற்ற மாரியோ தீப்பந்துகளை வீசுவான். அவை தரையில் பட்டுத் துள்ளிச் செல்லும். சுவரில் மோதினால் மறையும். விந்தை என்னவெனில், நீருக்கடியிலும் அவை அணைவதில்லை!

1991-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. தால்சிம் என்னும் அந்த யோகி கழுத்தில் மண்டையோட்டு மாலை அணிந்தவர். கைகால்களை நெடுந்தூரம் நீட்டுவார். வாயினின்று தீ உமிழ்வார். யோகம் பயின்றோர் தீ உமிழ்ந்ததை நாம் கண்டதில்லை. பிறநாட்டார் நம்மைப் பற்றிக் கொண்ட கற்பனைகளுள் இதுவும் ஒன்று என்று சிரித்துவிட்டு மேலே செல்வோம். ஆயினும் அவர் தீயில் ஒரு தந்திரம் உண்டு. தொலைவிலிருந்து வரும் தீப்பந்தைத் தாண்ட எதிரி குதிப்பான். குதித்தவனை நீண்ட கை வந்து தாக்கும். ஆகவே அத்தீயின் பயன் சுடுவது மட்டுமன்று. எதிரியை இடம்பெயரச் செய்வதும் ஆகும்.

இவ்விரண்டிலும் தீ, எறிந்தவனுக்குக் கட்டுப்பட்டது. 2008-இல் வந்த 'ஃபார் க்ரை 2' அந்நிலையை மாற்றியது. (அது வயது வந்தோருக்குரிய விளையாட்டு, சிறுவர்க்கு ஏற்றதன்று.) கதை நிகழ்வது ஆப்பிரிக்க நாடொன்றில். உலர்ந்த புல்வெளியில் எரியும் பெட்ரோல் புட்டியை எறிந்தால், தீ புல்லைப் பற்றிப் பரவும். கணினி நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்துக்கொள்கிறது. எரியும் கட்டம் அண்டைக் கட்டத்தைச் சூடேற்றும். போதிய சூடு ஏறியதும் அதுவும் பற்றிக்கொள்ளும். காற்று வீசும் திசையில் தீ விரைந்து செல்லும். காற்றைக் கவனியாது எறிந்தவனை அவன் மூட்டிய தீயே வளைத்துக்கொள்ளும். முழு நாடும் எரிந்து போகாதவாறு அமைத்தோர் அதற்கு ஓர் எல்லையும் வைத்தனர். காட்டுத்தீக்கு அத்தகைய கருணை ஏது?

2017-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' இம்முறையைச் சிறுவரும் ஆடத்தக்க வகையில் கையாள்கிறது. மழை பெய்தால் தீயம்பு வெறும் அம்பாகிவிடும். வாருணாஸ்திரம் வானத்திலிருந்தே வருகிறது எனலாம். நெருப்பின் அருகே சென்றால் மரக்கேடயம் தீப்பற்றும். புல்லைக் கொளுத்தினால் வெப்பக் காற்று மேலெழும். பாய் விரித்து அதில் ஏறி உயரலாம்.

அடுத்தமுறை பிள்ளை தீயம்பை நாணில் ஏற்றும்போது, "காற்று எப்பக்கம் வீசுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.