ஆர்எக்ஸ் புராணம் – 11: சைலன்சருக்குள் ஒரு ஜெர்மன் ஊர்

என் பழைய யமஹா ஆர்எக்ஸ்100-ன் கிராங்க் பிரஸ்ஸிங் முடிந்து மதுரையிலிருந்து வந்துவிட்டது. சிலிண்டர் போரிங்குக்குப் போயிருக்கிறது. முன்கதை இவ்வளவுதான், புதிதாக வண்டி ஏறுகிறவர்கள் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆசாமி யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் போரிங் பற்றித்தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சிலிண்டர் திரும்பி வருவதற்குள் சும்மா உட்காருவானேன் என்று சைலன்சரில் கைவைத்தோம். அது என்னை நிலக்கோட்டையிலிருந்து கிளப்பிக் கிழக்கு ஜெர்மனியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். எனவே ஜெர்மனிதான்.

அதற்கு முன் ஒரு கடிதம். ஜப்பான்காரன் எவ்வளவு அழகான ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்திருக்கிறான், அதையெல்லாம் விட்டுவிட்டு நூறு சிசி வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 1969-ல் வந்த டட்சன் 240இசட்டை எனக்கும் பிடிக்கும். நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர். பழைய 240இசட்களைத் தேடி வாங்கிப் புதுப்பித்து, 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் நிசான் கம்பெனியே விற்றது; தன் வண்டியைத் தானே மீட்டெடுத்த கம்பெனி! ஆனால் நம் பக்கம் அது ஓடவில்லையே ஐயா. ஒரகடத்துக்கு 2010-ல் நிசான் வந்தது, 2014-ல் டட்சன் பெயரையும் தூசி தட்டி எடுத்தது. அந்தப் பெயரில் நமக்குக் கிடைத்தது சின்னக் குடும்பக் கார்தான்.

நமக்கு ஜப்பான் வேகம் வந்தது இரண்டு சக்கரத்தில்தான். 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, மறுவருடம் ஹீரோ ஹோண்டா, அதே 1985 நவம்பரில் எஸ்கார்ட்ஸ் மூலம் யமஹா ஆர்எக்ஸ்100. மதுரையிலிருந்து பிரிந்து எங்கள் திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். மாவட்டத்துக்கும் வண்டிக்கும் இரண்டு மாத வயது வித்தியாசம். பூ மூட்டை ஏற்ற டிவிஎஸ் 50, வத்தலக்குண்டு ரோட்டில் காற்றைக் கிழிக்க ஆர்எக்ஸ் என்று இளவட்டங்கள் அப்போதே பிரித்து வைத்துவிட்டார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. இந்த மூன்று எண்ணும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று ஒருமுறை ஆக்சிலேட்டரை முறுக்கியவருக்குத் தெரியும்.

சைலன்சருக்கு வருவோம். பட்டறையில் மெக்கானிக் அண்ணன் பின்முனையில் இருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்றினார். உள்ளே செருகியிருக்கும் துளைபோட்ட குழலை, அதுதான் பேஃபிள், கட்டிங் பிளேயரால் பிடித்து இடமும் வலமும் திருகினார். வரவில்லை. டீசலை ஊற்றி ஊறவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி இழுத்தார். வந்தது. கறுப்பு ஈரம் மின்ன, விரல் தடிமனுக்குக் கரி. துளைகள் இருந்த இடமே தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியபோது மேலே தார் மாதிரி இழுபட்டது, அடியில் கல்லாக உதிர்ந்தது.

"வண்டி அறுபதைத் தாண்ட மாட்டேங்குதுன்னுதான சார் கொண்டாந்தீங்க? இந்தா பாருங்க, மூக்கை அடைச்சிக்கிட்டு எவன் ஓடுவான்?"

"அப்ப போரிங்கே வேண்டாமாண்ணே?"

"அது வேற, இது வேற. இதைச் சுத்தம் பண்ணாம போர் போட்டீங்கன்னா காசைக் கொண்டுபோயி வைகைல போட்டாப்ல."

கரி சேர்ந்த காரணம் தெளிவு. டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயிலைப் பெட்ரோலோடு சேர்த்தே எரிக்கிறது. எவ்வளவு ஆயில் என்பதை ஆர்எக்ஸில் தனி பம்ப் ஒன்று முடிவு செய்யும். யமஹா 1964-ல் கொண்டுவந்த ஆட்டோலூப் ஏற்பாடு அது. எஞ்சின் வேகத்தையும் ஆக்சிலேட்டர் திறப்பையும் பார்த்து அளந்து விடும். என் வண்டியின் பழைய சொந்தக்காரர் அந்தப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்கிலேயே ஆயிலை ஊற்றி ஓட்டியிருக்கிறார். பம்ப் கெட்டால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும் என்ற பயம் பல பேருக்கு உண்டு. பயத்தில் ஊற்றுகிற கை அளவாக ஊற்றாது. லிட்டருக்கு இருபது மில்லி போதும் என்றால் நாற்பது போகும். மிச்சம் புகை, மிச்சத்தின் மிச்சம் கரி. ஆயில் பம்ப் இருக்கிற ஆர்எக்ஸ் கிடைத்தால் அதைக் கழற்றச் சொல்கிற யாரையும் பட்டறைக்குள் விடாதீர்கள். என் வண்டிக்குப் பம்ப் தேடிப் புதுப்பேட்டை போன கதை தனி. அது வேறொரு வாரம்.

இனி, சைலன்சர் சத்தத்தை அடக்குகிற தகரம் மட்டும்தானா? நம் பையன்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பேஃபிளைப் பிடுங்கிவிட்டு, சிலர் குழலையே அறுத்துவிட்டு, "பவர் ஏறிடுச்சு" என்கிறார்கள். ஏறியது சத்தம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வாசலுக்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே மூடித் திறக்கிறது. எரிந்த புகை வெளியே போகிற நேரமும் புதுப் பெட்ரோல் காற்று உள்ளே வருகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. எனவே வந்த புதுக் கலவையில் கொஞ்சம், புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். இதைத் தடுப்பதுதான் குழலின் வேலை. வாசல் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழலுக்குள் ஓடுகிறது. குழல் விரிகிற இடத்தில் அந்த அலை உறிஞ்சலாக மாறித் திரும்பி வந்து மிச்சப் புகையை இழுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு குழல் குறுகுகிற இடத்தில் மோதி, இந்த முறை தள்ளலாகத் திரும்புகிறது; வெளியே எட்டிப்பார்த்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திணிக்கிறது. அந்த நொடியில் பிஸ்டன் வாசலை மூடுகிறது. படிக்கட்டில் தொங்குகிறவர்களை "உள்ள போ, உள்ள போ" என்று முதுகில் தள்ளிவிட்டு விசில் அடிக்கும் வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர்தான் அந்த அலை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், பிரமித்தேன். ஆர்எக்ஸ் தன் உச்சத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்ட். புகை வாசல் திறந்திருப்பது ஏறக்குறைய அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லி செகண்ட். சூடான புகைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் ஐந்நூறு மீட்டர் ஓடும். நான்கு மில்லி செகண்டில் இரண்டு மீட்டர். போக ஒன்று, வர ஒன்று. உங்கள் வண்டியின் சைலன்சரை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள், ஏன் அந்த நீளம் என்று புரியும். ஆர்எக்ஸினுடையது பந்தயக் குழல் அல்ல, அதே கணக்கை அடக்கி வாசிக்கிறது. ஆனாலும் அறுத்தால் அலை முந்திக்கொள்ளும், அடைத்தால் நகராது.

இந்தக் கணக்கைப் போட்டவர் யார்? இங்கேதான் நான் தொலைந்துபோனேன்.

சாக்சனி மாநிலத்தில் சோப்பாவ் என்று ஒரு சின்ன ஊர். டிகேடபிள்யூ என்ற கம்பெனி அங்கே இருந்தது. 1920-களின் கடைசியில் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி. 1939 வாக்கில் அவர்கள் செய்த ஆர்டி125 என்ற எளிய டூ ஸ்ட்ரோக் வண்டியை, ஜெர்மனி போரில் தோற்ற பிறகு ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். ஆங்கிலேயரின் பிஎஸ்ஏ பாண்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, ரஷ்யாவில் மாஸ்க்வா எல்லாம் அதன் நகல்கள். ஜப்பானில் அதைப் பார்த்துச் செய்ததுதான் யமஹாவின் முதல் வண்டி, 1955-ன் ஒய்ஏ-1. சிவப்புத் தட்டான் என்று அங்கே செல்லப்பெயர். போலந்தில் எஸ்எச்எல் வண்டியில் ஏறிய 125 சிசி எஞ்சினும் நகல்தான். அதே எஸ்எச்எல்லின் பின்னாளைய 175 சிசி வண்டி எஸ்கார்ட்ஸ் வழியாக இந்தியா வந்து ராஜ்தூத் ஆனது. அதே எஸ்கார்ட்ஸ்தான் பிறகு ஆர்எக்ஸ் செய்தது. என் தாத்தா காலத்து ராஜ்தூதும் என் ஆர்எக்ஸும் எங்கோ ஒரு தலைமுறையில் பங்காளிகள்!

போருக்குப் பின் சோப்பாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது, தொழிற்சாலை எம்இசட் ஆனது. பந்தயப் பிரிவுக்கு வந்தவர் வால்டர் காடன். போர்க்காலத்தில் பீனமுண்டே ஆயுத ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். எரிக் வோல்ஃப் என்ற வடிவமைப்பாளர் முன்பே முயன்ற விரிகுழலை எடுத்துக்கொண்டு, அசிலோஸ்கோப் வைத்து அலைகளைப் படித்தார். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. லிட்டருக்கு இருநூறு! காற்றை அமுக்கித் திணிக்கும் கருவி எதுவுமில்லாமல் அந்த அளவை எட்டிய முதல் எஞ்சின் அது. பணமில்லாத நாட்டில், பழைய இரும்பை வைத்துக்கொண்டு.

அந்த வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961-ல் 125 சிசி உலகப் பட்டத்துக்கான புள்ளிப் பட்டியலில் அவர்தான் முன்னால். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. செப்டம்பர் 17, ஸ்வீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம். ஓட்டத்தின் நடுவில் எஞ்சின் போய்விட்டது. டெக்னர் ஊர் திரும்பவில்லை. காரில் ஏறி டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனி போய்விட்டார். அதே வார இறுதியில் அவர் மனைவியும் இரண்டு பையன்களும் ஒரு பெரிய அமெரிக்கக் காரின் டிக்கிக்குள் எல்லை தாண்டினார்கள். பையன்கள் அழுதுவிடக்கூடாதென்று தூக்க மருந்து. இந்த இடத்தில் எனக்கு வண்டி மறந்துவிட்டது. அந்த டிக்கி மூடிய சத்தம்தான் கேட்டது.

அவர் போய்ச் சேர்ந்தது ஜப்பானில் சுசுகியிடம், காடனின் குழல் கணக்கோடு. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு, டெக்னருக்கு. டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்கிய முதல் உலகப் பட்டம். ரகசியம் ஒருமுறை வெளியே வந்தால் ஓரிடத்தில் நிற்குமா? 1964-ல் யமஹாவின் ஆர்டி56-ல் ஃபில் ரீட் 250 சிசி பட்டத்தை எடுத்தார். சுசூகா பந்தயத் தடத்தில் டெக்னர் விழுந்த வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஃபார்முலா ஒன் பார்ப்பவர்கள் வருடாவருடம் அந்தப் பெயரைக் கேட்கிறார்கள். காடன் கடைசிவரை சோப்பாவை விட்டுப் போகவில்லை. இரண்டு பேரில் நான் காடன் கட்சி.

சரி, கரி. சுத்தம் செய்ய இரண்டு வழி. ஒன்று, நெருப்பில் போட்டுச் சுடுவது. கரி எரிந்து உதிரும், ஆனால் குரோம் நீலம் பாய்ந்துவிடும். மறுபடி குரோம் போடும் செலவு தனி. இரண்டாவது, காஸ்டிக் சோடா கரைசலை உள்ளே ஊற்றி, இரண்டு முனையையும் அடைத்து ஒரு ராத்திரி வைப்பது. நாங்கள் செய்தது இது. ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம், தண்ணீரில்தான் சோடாவைப் போடவேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. இன்னொன்று: காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். சைலன்சர் இரும்பு, பிழைத்துக்கொள்ளும். பிஸ்டனிலும் ஹெட்டிலும் கரி இருக்கிறதே என்று அதே கரைசலில் போட்டால் மறுநாள் அள்ளுவதற்குத்தான் இருக்கும். காலையில் அடைப்பை எடுத்துக் கவிழ்த்தபோது கஷாயம் மாதிரி கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பழைய செயினை உள்ளே விட்டுக் குலுக்கினால் மிச்சமும் உதிரும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, உடனே உள்ளே கொஞ்சம் ஆயில் தடவவேண்டும், இல்லையென்றால் சாயங்காலமே துருப்பிடிக்கும். சைலன்சரைத் தூக்கிப் பார்த்தால் எடை குறைந்தது கைக்கே தெரிகிறது.

பட்டறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன், "அண்ணே, அந்தப் பேஃபிளைப் போடாம விட்டிருங்க, சவுண்டு செமயா இருக்கும்" என்றான். மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை நீட்டி, "நீ வாங்கினப்புறம் உன் வண்டில கழட்டிக்க" என்றார். பேஃபிள் போட்டாகிவிட்டது.

ஆர்சி புதுப்பிப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகத்தான் நீட்டுவார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதி ஐம்பது வயது தாண்டியவற்றுக்கு மட்டும். முதல் ஆர்எக்ஸுக்கே அந்த யோகம் 2035-ல்தான். விவரமாகப் பிறகு.

அடுத்த வாரம் போரிங். போரிங் கடையிலிருந்து போன் வந்தது: சிலிண்டர் ஏற்கெனவே முக்கால் மில்லி ஓவர்சைஸில் இருக்கிறதாம். இன்னும் கால் மில்லி ஏற்றினால் ஒரு மில்லி, அத்தோடு கதை முடிந்தது. ஏற்றுவதா, புது ஸ்லீவ் அடித்து கம்பெனி அளவான ஐம்பது மில்லிமீட்டருக்கே திரும்புவதா என்று நானும் மெக்கானிக் அண்ணனும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

(தொடரும்)