ஒரு பிளக் படுத்தும் பாடு

2014 ஜூலையில், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டனில், 192 மீட்டர் ஆழத்தில் 'இண்டார்க்' கருவித்தொகுதியை இந்தியா நங்கூரமிட்டு இறக்கியது. சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் அதில் பங்குண்டு. இத்தகைய கருவிகள் பலவற்றை மேலே தூக்கினால்தான் பதிவுகள் கைக்கு வரும். நடுவில் பழுதானால் ஓராண்டு உழைப்பு பாழ்.

பலமுறை காலை வாருவது சென்சர் அல்ல. அதைக் கேபிளோடு சேர்க்கும் ரப்பர் கனெக்டர். குளிரில் ரப்பர் விறைக்கிறது. சிலிக்கான் கிரீஸ் போதாமலோ மணல் துகள் சிக்கியோ இருந்தால் உப்புநீர் உள்ளே ஊசிகள்வரை கசிகிறது. அளவுகள் தாறுமாறாகின்றன, செம்பில் பச்சை பூக்கிறது.

கப்பல் தளத்தில் ஏற்றி, துடைத்து, வெதுவெதுப்பானதும் எல்லாம் சரி! டாக்டரைக் கண்டதும் தலைவலி பறந்த கதைதான். ஏமாந்து, அதையே மறுபடி இறக்கிவிடுபவர்களும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சென்சரைக் கழற்றி, முனையை வெற்று பிளக்கால் அடைத்து, ஐஸ் போட்ட உப்புநீர் வாளியில் நெடுநேரம் ஊறவைத்து, மெக்கரால் மின்காப்பை அளக்கிறார்கள். (சென்சரோடு அளந்தால் மெக்கரின் வோல்டேஜ் அதைக் கருக்கிவிடும்.) அளவு சரிந்தால் திருடன் அகப்பட்டான்.

புதிய கனெக்டரை வெதுவெதுப்பாக்கி, மெல்லிதாகக் கிரீஸ் பூசி, நேராக அழுத்தி மாட்ட வேண்டும். கையுறை விரல்களால் ஆட்டி ஆட்டிச் செருகினால் ஊசி வளையும்.